சைமா கம்ப்யூட்டரில் கண்ட மருந்து

உத்திரமேரூர் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்த அப்துல் பாசித்தின் மகள் சைமா. ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. பாசித்துக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் வந்ததும் பார்த்துக்கொள்ள நர்ஸான என்னை அமர்த்தினார்கள். சைமா அவர் கட்டிலருகே லேப்டாப்போடுதான் உட்கார்ந்திருப்பாள்.

மரபணுக்களைத் திறந்து மூடும் நொதிகள் உடம்பில் பல உண்டு. கூடப்பிறந்தவை போல எல்லாம் ஒரே சாயல். பாசித் விழுங்கிய மாத்திரை அவை எல்லாவற்றையும் சேர்த்தே முடக்கியது. அதனால் ஓயாத வயிற்றுப்போக்கு. நோய்க்கு உதவும் நொதியை மட்டும் முடக்கும் மூலக்கூறைத் தேடுவது சைமாவின் வேலை. கம்ப்யூட்டரில் அணுக்களைத் துள்ளவிட்டு, மூலக்கூறு நொதியின் குழியில் தங்குகிறதா, நழுவுகிறதா என்று வாரக்கணக்கில் பார்ப்பாள்.

ஒரு காலை ஒன்று தங்கிவிட்டது. மற்ற நொதிகளிலிருந்து நழுவியும் விட்டது.

"அத்தா, புடிச்சிக்கிச்சு!" என்று படத்தை அவரிடம் காட்டினாள். காட்டியிருக்க வேண்டாம்.

அதன்பின் பாசித்துக்கு வயிற்றுப்போக்கு நின்றது, சோறு இறங்கியது. எனக்குச் சந்தேகம். படுக்கை மாற்றும்போது தலையணை உறைக்குள் மாத்திரைகள் கிடந்தன.

"இன்னா பாய் இது?"

"புது சரக்கு வரப்போவுது சிஸ்டரம்மா. எந்தக் கடைக்காரனாவது பழச எடுப்பானா?"

சைமாவைக் கூப்பிட்டேன். வந்தவள் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அத்தா, அது மருந்தே இல்ல. வெறும் கணக்கு. இன்னும் யாரும் அத செய்யக்கூட இல்ல."

"கம்ப்யூட்டர்ல ஆடிக்கினு கீதே? நீதான காட்டின?"

"படம் அத்தா. அத செஞ்சி, மொதல்ல எலிக்குக் குடுத்து, அப்பாலதான் மனுசனுக்கு. வருசக்கணக்கா ஆவும். நடுவுல ஊத்திக்கினாலும் ஊத்திக்கும்."

"எனக்கு முன்னாடி எலிக்கா? குடுத்து வெச்ச எலி!" என்று சிரித்தார். பிறகு, "அப்ப எனக்குக் கெடைக்காது?" என்றார்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் ஏறியிருந்தது. பழைய மாத்திரையையே திரும்பத் தொடங்கச் சொன்னார். பாசித்துக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய வேறு மருந்து அவர் கையில் இல்லை.

சைமாதான் எடுத்துக் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் விழுங்கினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

வாரம் முடிவதற்குள் மறுபடி வயிறு போனது. பாத்ரூம் கதவருகே நின்றுகொண்டு, "நா குடுத்ததாலதான சிஸ்டரம்மா? இப்ப இன்னா பண்றது?" என்று கேட்டாள் சைமா.

உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்துவரச் சொன்னேன். போனாள்.