ஐந்தரை மணி நேரத் தகராறு

குடிநீர் ஆய்வகத்தில் கணினி பழுது பார்க்கப் போன முதல் நாளில்தான் அவரைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அடையாள அட்டையில் பெயரைவிடப் பட்டம் பெரிதாக இருக்கும். அவர் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“பட்டம் நல்லாத்தான் பறக்குது. வேலை தெரியுமா தம்பி? கடிகாரம் தப்புதுன்னு பேட்டரி மாத்த வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க. ரெண்டு தடவ மாத்தியாச்சு.”

பதினெட்டு ஆண்டுகளாகத் தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பவர். ஒரு தூசியும் தப்பாது என்பதால் எல்லோருக்கும் அவர் சல்லடை அக்கா. அவர் மேசையில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கிடந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்த பதினான்கு மாதிரிகளை அவர் விடிகாலை நான்கு மணிக்கே சோதித்ததாகக் கணினி பதிந்திருந்தது. சோதிக்காமலே முடிவு எழுதினார் என்று சந்தேகம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

“தினம் காலைல கடிகாரத்த நான்தான் சரி பண்ணுவேன். அன்னைக்கு ஒரு நாள் அவசரத்துல விட்டுட்டேன். நோட்டுல சரியான நேரம் எழுதியிருக்கேன்னா, ‘நோட்டுல யார் வேணா என்ன வேணா எழுதலாம்’ங்கறார் அதிகாரி.”

அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது; நேரம் தானாகச் சரியாகாது. காலையில் அவர் விண்டோஸில் அறிக்கை எழுதுவார். சாயங்காலம் வருபவர் அதே கணினியை லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் திறந்து அளவுக் கருவியை ஓட்டுவார். இருவரும் நேரில் சந்திப்பதில்லை. திரையோரம் சீட்டுகளில்தான் சண்டை.

“கடிகாரத்தைப் பின்னே தள்ளாதீர்கள்” என்று அக்காவின் சீட்டு.

“முன்னே தள்ளுவது நீங்கள்தான்” என்று சாயங்காலக்காரரின் பதில்.

நானும் பையிலிருந்து பேட்டரியைத்தான் எடுத்தேன்.

“படிச்சவரும் பேட்டரிதானா! அது செத்தா கண்டபடி தப்பணும் தம்பி. இது சொல்லி வச்ச மாதிரி அஞ்சரை மணி நேரமே தப்புது, பாருங்க” என்று நோட்டை நீட்டினார்.

ஐந்தரை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. நம் ஊர் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். கணினிக்குள் இருப்பது ஒரே கடிகாரம். அதில் இருப்பது ஊர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்; பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொண்டு ஐந்தரையைக் கூட்டும். ஒருவர் சரி செய்வதுதான் அடுத்தவருக்குத் தப்பாகிக்கொண்டிருந்தது.

“அடப்பாவமே, ரெண்டு பேரும் சரி பண்ணிச் சரி பண்ணியே கெடுத்திருக்கோமா?”

“ஒரே கட்டளைல முடிச்சிடலாம்க்கா.”

“தொடாதீங்க! தப்பை முதல்ல அதிகாரி கண்ணால பாக்கட்டும்.”

அதிகாரி வந்தார். லினக்ஸில் கடிகாரத்தைச் சரிசெய்து, விண்டோஸைத் திறந்து காட்டினேன். ஐந்தரை மணி நேரம் பின்னால். அவர் நம்பாமல், தானே இன்னொரு முறை செய்து பார்த்தார். அதே ஐந்தரை.

“இப்ப அந்தப் பதினாலு நேரத்தோடயும் அஞ்சரை மணியக் கூட்டி, என் நோட்டோட வச்சுப் பாருங்க சார்” என்றார் அக்கா.

பதினான்கும் பொருந்தின. அதிகாரி கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான், உள்கடிகாரத்தை ஊர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்குக் கட்டளை கொடுக்க அக்கா என்னை விட்டார். நான்கு முறை மாற்றி மாற்றித் திறக்கவும் வைத்தார்.

இப்போதும் அவர் அங்கேதான் காலை முறையில் இருக்கிறார். சாயங்காலக்காரரோடு சீட்டுச் சண்டை ஓயவில்லை. இப்போது நாற்காலியின் உயரத்தைப் பற்றி.