காருக்கு அடியில் படுத்துப் பார்த்த தியாகராஜன் சார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கோச்சடையில் என் வீட்டு வாசலில் கீரைக்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தியாகராஜன் சாருடைய மகள் பேசினார். "தமிழய்யா, அப்பா போயிட்டாங்க" என்றார். கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். என் மனைவி வந்து அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர், நான் தமிழாசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓய்வறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். வீட்டில் அவர்கள் மொழி, வெளியே எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமான மதுரைத் தமிழ். சைக்கிளில்தான் பள்ளிக்கு வருவார். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பள்ளியில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் சாரைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்குவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் விளையாட்டு ஆசிரியர் ஒரு கார் பார்க்கப் போனபோதுதான் இந்தத் திறமை வெளியே தெரிந்தது. எல்லோரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்க, சார் சட்டைப் பையிலிருந்து ஆய்வுக்கூடத்துக் காந்தத்தை எடுத்தார். பெயின்டில் கீறல் விழாதபடி அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவின் கீழ் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் காந்தம் பிடிப்பில்லாமல் நழுவி விழுந்தது. "இங்க தகடு இல்ல சார். துரு தின்ன எடத்துல பட்டி மாவு அடைச்சு மேல பூசியிருக்காங்க" என்றார். பிறகு தரையில் செய்தித்தாளை விரித்து, மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் போனார். கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கி, ஈர வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார். பேட்டரிக்குக் கீழே அமிலம் அரித்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினார். "எஞ்சின் போனா வேற எஞ்சின் வைக்கலாம். உடம்பு போனா ஒண்ணும் பண்ண முடியாது. புது பெயின்ட் அடிச்ச பழைய காரைப் பாத்தாலே எனக்கு பயமா இருக்கும்" என்பார். விருந்துக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டையும் சார் புரட்டிப் பார்ப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கும் கார் ஆசை வந்தது. அதுவும் ஐம்பதுகளின் கடைசியில் வந்த மார்க் ஒன் அம்பாசிடர்தான் வேண்டும். என்னைப் பெற்ற ஐயா மேலூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர். நிலத்துக்காரர் அந்தக் காரில் வந்து இறங்கினால், ஐயா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அதே மாதிரிக் காரில் என் மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மகளுக்கு மேலூரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. சம்பந்தி கல்குவாரியில் மேற்பார்வை பார்ப்பவர். அவரிடமே அப்படி ஒரு கார் இருந்தது. நான் ஆசைப்படுவது தெரிந்து, "நீங்களே எடுத்துக்கங்க சம்பந்தி" என்றார்.

சம்பந்தி வீட்டுப் பொருளைத் தட்டிப் பார்த்து வாங்குவது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. பார்க்காமல் வாங்கவும் பயம். சாரிடம் போய் நின்றேன்.

"சும்மா என்கூட வாங்க சார். யாரும் பாக்காதப்ப ஒரு பார்வை பாத்திருங்க."

"அது முறையில்ல ஐயா. பாக்குறதா இருந்தா அவர்கிட்ட சொல்லிட்டுப் பாப்போம்."

"சொன்னா கோவிச்சுக்குவாக சார். எம்மக வாழப் போற வீடு."

சார் அரைமனதோடு தலையாட்டினார். எனக்காகத்தான் ஒப்புக்கொண்டார்.

மேலூரில் தடபுடலான சாப்பாடு. உறவுக்காரர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். கை கழுவப் போகிற மாதிரி சார் கொட்டகைப் பக்கம் போனார். நான் சம்பந்தியைப் பேச்சில் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் வெற்றிலை எடுக்க எழுந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். காருக்கு வெளியே சாருடைய இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன சம்பந்தி, நம்பிக்கை இல்லாமத்தான் ஆள் கூட்டியாந்தீகளா?" என்றார் அவர். முகம் கறுத்துவிட்டது.

நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் கை கூசுகிறது. "ச்சேச்சே, நான் ஒண்ணும் சொல்லல சம்பந்தி. சாருக்கு இது ஒரு வியாதி. எங்க போனாலும் இப்படித்தான் மானத்த வாங்குவாரு."

கூட்டம் சிரித்தது. சார் அடியிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க மண். என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க, பழக்கதோஷம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒத்தக்கடை தாண்டும் வரைக்கும் சார் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "வலது பக்கம் கதவுக்குக் கீழ ஓடுற தகடு முழுக்கத் துரு ஐயா. சம்பந்திக்கே தெரிஞ்சிருக்காது. வாங்குனா, மொதல்ல அத வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெல்டிங் வச்சிருங்க. அதுவரைக்கும் அந்த எடத்துல ஜாக்கி குடுக்காதீங்க" என்றார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காரை வாங்கினேன். மகள் அதில்தான் மாமியார் வீட்டுக்குப் போனாள். தகட்டை மாற்றவில்லை. பட்டறையில் விட்டால் மாப்பிள்ளை காதுக்குப் போகும், சம்பந்தி கொடுத்த காரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வருடத்தில் சார் சொன்னதே மறந்துவிட்டது.

மகளை வளைகாப்புக்கு அழைத்து வரும் வழியில் டயர் பஞ்சரானது. மகளை இறக்கிப் புளியமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, வலது பக்கம் ஜாக்கி கொடுத்தேன். தகடு பொத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே போனது. கார் இறங்கி உட்கார்ந்ததில் என் இடது கை விரல்கள் இரண்டு நசுங்கின. மகள் உள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் இப்போதும் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் தியாகராஜன் சார்தான். கட்டிலோரம் உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதா ஐயா?" என்று கேட்டார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அவரே அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக்குக் காரை இழுத்துக்கொண்டுபோய், மூன்று நாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டுப் பக்கத்தில் நின்று புதுத் தகடு வைத்து வாங்கி வந்தார். நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "காபி நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ காபி. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம்.

செவ்வாய்க்கிழமை சார் வீட்டுக்கு மேலூரிலிருந்து சம்பந்தி மாலையோடு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. தனியாக அழைத்துப் போய், "அன்னைக்கு காரைப் பாக்கச் சொன்னது நான்தான் சம்பந்தி. உங்க முன்னாடி அவர விட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

"தெரியும் சம்பந்தி."

"அவரு சொன்னாரா?"

"எங்க சொன்னாரு? மறுவாரமே ஒத்தையா பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாரு. 'தமிழய்யா மேல வருத்தம் வச்சிராதீங்க, நானாத்தான் பாத்தேன், கல்யாணம் நல்லபடியா நடக்கணும்'னாரு. காருல என்ன கோளாறுன்னு நான் கேட்டதுக்குக்கூட, 'அதெல்லாம் நல்ல கார்'னுட்டாரு. இம்புட்டு தூரம் வந்து ஒருத்தரு கெஞ்சும்போதே நடந்தது எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்க எப்பவோ அவருகிட்டப் பேசித் தீத்திருப்பீகன்னு நெனச்சேன்."

நான் பேசித் தீர்த்திருக்கவில்லை. யாரிடமும் பொய் சொல்லாத மனிதர், துரு தின்ற காரை நல்ல கார் என்று எனக்காகச் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பத்து வருடமாகத் தெரியாது.

பாடையைத் தூக்கத் தயாரானார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருடைய காலடியில் போய் நின்றேன். "சார், பாக்கச் சொன்னது நான்தான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டாவது முறையும் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்து ஒருவர் என் தோளைப் பிடித்து, "தள்ளுங்கய்யா, நேரமாகுது" என்று மெல்ல ஓரமாக நிறுத்தினார். என்னைக் கடந்து சாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போய் வாருங்கள், சார்.