லைப்ரரியில் இருத்திய ஒன்பது பிள்ளைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மணித்தியாலக் கணக்கில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். வீட்டுக்குப் போகும் கடிதங்களைத் தமிழில் எழுதவேண்டும். தமிழ்ப் பெற்றோர் வந்தால் ரீச்சருக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்து பேசவேண்டும். யாழ்ப்பாணத்தில் நன்றாகப் படித்தவள், ஆங்கிலம் தெரிந்தவள் என்ற திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. சனமும் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கேட்கும்.

ஒரு மாரிகாலத்தில் அதிபர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைத் தந்தார். மாகாண அரசு சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். யாராவது பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தால் அதை எப்படி அறிந்துகொள்வது, யாரிடம் சொல்வது என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்க இரண்டு பெண்கள் வருவார்களாம். விருப்பமில்லாத பெற்றோர் கீழே கையெழுத்து வைத்து அனுப்பினால் பிள்ளையை அந்த வகுப்பில் இருத்தமாட்டார்கள்.

எழுத இருந்தால் கை ஓடவில்லை. அந்தச் சொற்களைத் தமிழில் எழுதி, அதை ஒரு தகப்பன் வாசித்து, இதை எழுதினது ஆர் என்று கேட்டால் என் மானம் என்னாவது? “உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய பாடம்” என்று மூன்று வரியில் முடித்துவிட்டேன். அதிபருக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

சனம் விடுமா? யாரோ ஒருவர் கூடவே போன ஆங்கிலக் கடிதத்தையும் எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறார். பின்னேரமே என் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் எதையும் தனியாக முடிவெடுப்பதில்லை, மற்ற ஆக்கள் என்ன செய்யினம் என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளைக்காரருக்கு வேறு வேலையில்லை, எங்கட பிள்ளையளுக்கு உது தேவையில்லை என்று முதல் ஆளுக்குச் சொன்னேன். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். இரண்டு நாளில் அந்த வகுப்பின் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கையெழுத்து வைத்துவிட்டன.

ஒன்பதாவது தாய் மட்டும் யோசித்தாள். என் தெருவிலேயே இருந்தவள். புருஷனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, இவளுக்கு விடிய ஐந்து மணிக்கு டோனட் கடை. எட்டு வயது மகளை எழுப்பி, சாப்பாடு கொடுத்து, பள்ளிக்கூடத்தில் விடுவது அவர்களுடைய வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த ஒருவர். பிள்ளை அவரை மாமா என்றுதான் கூப்பிடும். எங்களில் பாதிப் பேருக்கு அகதி விண்ணப்பம் நிரப்பித் தந்தவர், எனக்கும்தான். அவர் வந்தால் நான் எழுந்து நின்று கதைப்பேன்.

“விட்டால் என்னக்கா? ஏதோ நல்லதுக்குத்தானே சொல்லுவினம்” என்று அவள் கேட்டாள்.

“உனக்கென்ன விசரே? பிள்ளைக்கு இல்லாத பயத்தை ஏன் உண்டாக்கிறாய்?” என்றேன்.

என் சமையலறை மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். பேனை கொடுத்ததும் நான்தான்.

அன்றைக்கு ஒன்பது பிள்ளைகளையும் லைப்ரரியில் இருத்தி, படம் நிறந்தீட்டக் கொடுத்து, நான் காவல் இருந்தேன். இந்தப் பெண்பிள்ளை மட்டும் நிறப்பென்சிலைத் தொடவில்லை. உள்ளுக்கு என்ன சொல்லுகினம் அன்ரி என்று கேட்டது. உனக்குத் தேவையில்லாத கதை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டது. வாயை மூடிக்கொண்டு படத்தைத் தீட்டு என்று அதட்டினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, அந்தப் பணமும் நின்றது. அந்தப் பெண்கள் திரும்ப வரவில்லை. என்னுடைய மணித்தியாலங்களையும் வெட்டி, தேவைப்பட்டால் கூப்பிடும் ஆளாக்கினார்கள். நான் அழுதது என் மணித்தியாலங்களுக்காக மட்டும்தான்.

நான்கு வருடம் கழித்து வேறொரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சின்ன அறை. ஒரு சோஷல் வேர்க்கர், டோனட் கடைச் சட்டையோடு அந்தத் தாய், பன்னிரண்டு வயதாகிவிட்ட அந்தப் பிள்ளை. அதற்கு முதல்நாள் தன் ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பேஸ்மென்ற்றில் இருந்த மனிதரைக் காலையில் பொலிஸ் கொண்டுபோயிருந்தது. கடிதத்தில் எழுதக் கூசிய அத்தனை சொற்களையும் அன்றைக்கு ஒவ்வொன்றாகத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எட்டு வயதுக்கு முன்னமே தொடங்கியது என்பதையும் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

தாய் அழவில்லை. மகளின் பக்கம் திரும்பி, ஏன் பிள்ளை அப்பவே எனக்குச் சொல்லேல்லை என்று மட்டும் கேட்டாள்.

அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தாய்க்கு விளங்கவேண்டும் என்று தமிழில் பதில் சொன்னாள். ஆனால் பார்த்தது என்னை.

“உங்களுக்கும் அன்ரிக்கும் தெரியும் எண்டு நினைச்சன். அதுதான் அந்த கிளாஸுக்கு என்னை விடேல்லை எண்டு.”

சோஷல் வேர்க்கருக்குத் தமிழ் தெரியாது. பேனையோடு என்னைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இந்தமுறை ஒரு சொல்லையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்ரி என்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.