இடது பக்கத்து நட்டு

யுத்தகாலத்தில் எங்களிடம் ஒரு லாரி இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் அடுப்பு கட்டிக் கரிப்புகையில் ஓடிய வண்டி. செங்கோட்டைப் பக்கமிருந்து தென்காசிக்கு விறகு ஏற்றுவோம். என் வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். ஒரு சாரல் காலத்தில் அவர் விஷக்காய்ச்சலில் படுத்துவிட, தெரிந்தவர் சொல்லி ஒரு இளவயது டிரைவரை வைத்தோம்.

அவன் வந்த பத்தாம் நாள், பின்சக்கரம் இரைகிறது என்று சொல்லி வண்டியைக் குற்றாலம் சாலையில் இருந்த, லாரி பழுதுபார்க்கும் மேஸ்திரியின் கொட்டகையில் நிறுத்தினான். எனக்கு அப்போதே சந்தேகம். விறகு வியாபாரி ஒருவர் லாரியை விலைக்குக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார். அந்த ஆளோடு டிரைவர் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். வண்டியைக் கெடுத்து, எங்களை விற்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் கொட்டகையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பேச்சு குறைவு. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் இருக்குமே, லாரிக்கு அதையே ஹப்பு என்பார்கள். பின்பக்கத்து இரண்டு ஹப்பையும் கழற்றிப் பேரிங்கைக் கழுவினார். அவற்றை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட்டுகளில் ஒன்றை ஒரு உடைந்த ஓட்டின்மேலும் மற்றதைத் துணியின்மேலும் வைத்தார். சாயங்காலம் வேலை முடியவில்லை. நட்டுக்குக்கூடப் பஞ்சம் பிடித்த காலம். அவர் நல்லதை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை வைத்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மேஸ்திரி உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார்.

காலையில் அவர் வருமுன்பே போய், ஒன்றை ஓட்டின்மேலும் ஒன்றைத் துணியின்மேலும் வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வண்டிக்கு அந்தப் பக்கம் டிரைவர் நின்றிருந்ததைப் பிறகே கவனித்தேன்.

மேஸ்திரி இடது பக்கத்து ஹப்பைத் தூக்கி மாட்டி, நட்டை வைத்துத் திருகினார். பிடிக்கவில்லை. அழுத்தித் திருகினார். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இழுத்தார். கறகறவென்று ஒரு சத்தம் வந்தது. நட்டைக் கழற்றியபோது அச்சு நுனியில் நட்டு ஏறும் மரை நசுங்கிப் பிய்ந்து கிடந்தது.

"அச்சே மாத்தணும் போலயே. இந்தக் காலத்துல அதுக்கு எங்கன போவ?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "வண்டிய விக்க வைக்கத்தான இப்படிச் செஞ்சிய? யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு?"

அவர் முகம் கறுத்தது. டிரைவர் வந்து இரண்டு நட்டையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ரெண்டும் மாறிட்டு. இது வலது பக்கத்து நட்டு."

இடது பக்கத்து மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேஸ்திரி நட்டுகளை வாங்கி விரலால் தடவினார். "நானா மாத்தி வச்சேன்? இத்தன வருசத்துல ஒரு தடவகூட இப்படி ஆனதில்லயே. கண்ணு போச்சா எனக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

முக்கோண அரத்தை எடுத்து, நசுங்கிய மரையை ஒவ்வொரு சுற்றாகச் சீவத் தொடங்கினார். இரண்டு நாள் அதே வேலை. சீவுவார், மண்ணெண்ணெயில் துடைப்பார், சரியான நட்டைக் கையால் அரைச்சுற்று ஏற்றிப் பார்ப்பார், இறக்குவார், மறுபடி சீவுவார். இடையில் ஒருவர் சைக்கிள் பம்ப்பைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். "நுணுக்க வேல இனி எடுக்கல அண்ணாச்சி. கண்ணு சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

என் சந்தேகமெல்லாம் இப்போது டிரைவர்மேல் திரும்பியது. நான் நட்டு வைத்ததைப் பார்த்தவன் ஏன் சொல்லாமல் இருக்கிறான்? இதை வைத்து என்ன கேட்கப்போகிறான்?

இரண்டாம் நாள் மத்தியானம் நட்டு கடைசிவரை ஏறி நின்றது. சக்கரத்தைச் சுற்றிவிட்டார், இரைச்சலில்லாமல் சுற்றியது. "குத்தாலம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. ஹப்பு சுட்டுதுன்னா அங்கனயே நிறுத்திருங்க" என்றார்.

நானும் ஏறிக்கொண்டேன். குற்றாலம் வந்ததும் டிரைவர் இறங்கி ஹப்பில் கை வைத்தான். நானும் வைத்தேன். சாரல் பட்டுச் சில்லென்று இருந்தது.

"நான் மாத்தி வச்சத நீ பாத்தேல்லா? ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னா மேஸ்திரி கோவிச்சுக்கிட்டு அரத்தக் கீழ போட்டிருவாரு அக்கா. வேற யாரு இத ஏத்துவா? உங்க வீட்டு அண்ணாச்சி எந்திரிச்சு வாறப்ப வண்டி நிக்கக் கூடாதுல்லா?"

வேறெதுவும் அவன் கேட்கவில்லை. டீக்கடையில் அந்த ஆளோடு என்ன பேசினாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் மேஸ்திரியிடம் நேராகப் போனேன். "அண்ணாச்சி, உங்க கண்ணு மேல தப்பில்ல. நட்ட நாந்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன். நாந்தான் மாத்தி வச்சேன்" என்றேன்.

கிரீஸ் கையைத் துணியில் நெடுநேரம் துடைத்தார். "களவாண்டுருவேன்னு நெனச்சியளோ?"

"ஆமா."

"நம்பிக்க இல்லாதவுக வண்டிய நான் தொட மாட்டேன் தாயி. இனி இங்கன கொண்டாராதிய."

வீட்டுக்காரர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார்; அங்கே என்ன பேச்சு நடந்தது என்று சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு நட்டு இறுக்குவதற்கும் வண்டி திருநெல்வேலிக்குத்தான் போய்வந்தது.