இரும்பண்ணன் ஏற்றிய பட்டைகள்

“நான் ஏத்தின பட்டையை இறக்குனதா சரித்திரமே கிடையாது. அதை இறக்க இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!”

வண்டி பழுதுபார்ப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இரும்பண்ணன் இப்படி முழங்கியபோது அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் பேச்சை முதலிலிருந்து தொடங்கிவிடுவார் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

பட்டை என்றால் வேறொன்றுமில்லை. லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் பின்சக்கரத்துக்கு மேலே, வில்லாக வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். அதில் ஒரு தகடுதான் பட்டை. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும், பள்ளத்தில் விழும்போது வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. பாரம் கூடினால் பட்டை கூட்ட வேண்டும் என்பது தொழில் விதி. பாரம் கூடாவிட்டாலும் பட்டை கூட்ட வேண்டும் என்பது இரும்பண்ணன் விதி.

முப்பது வருடமாக அவர் பட்டறையில் இந்த விதிதான் ஆட்சி செய்தது. செங்கல் ஏற்றுகிறவன் வந்தால் பாறாங்கல் ஏற்றுகிறவனுக்கு வேண்டியதைப் போட்டு அனுப்புவார். “எதுக்குண்ணே இவ்வளவு?” என்று கேட்டால், “நாளைக்கே நீ பாறாங்கல் ஏத்த மாட்டேன்னு என்ன நிச்சயம்?” என்பார். மனிதனின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் குறைவு.

வீட்டிலும் அதே கொள்கைதான். கட்டிலுக்கு ஆறு கால். துணி காயப்போடும் கொடி தண்ணீர்க் குழாய் கனத்தில் இருக்கும். மகளுக்குப் படிப்பு மேசை செய்து கொடுத்திருந்தார். அவள் கல்யாணமாகிப் போனபோது நான்கு பேர் சேர்ந்து அதை நகர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார், “மேசை இங்கேயே இருக்கட்டும், பொண்ணு மட்டும் போதும்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள்.

அவருடைய மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவண அறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். பணி ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்:

“ஏங்க, எனக்கு ஒரே ஒரு ஆசை. தினம் காலையில ஜன்னலைத் திறந்தா வேற வேற இடம் தெரியணும். ஆனா தலைகாணி மட்டும் என்னோடதா இருக்கணும்.”

அதுவரை அவர் எதையும் கேட்டதில்லை. இரும்பண்ணன் ஒரே மாதத்தில் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். அதன் முதுகில் ஏற்றி உட்கார வைக்கிற கேம்பர் ஒன்றையும் கண்டுபிடித்தார். கேம்பர் என்றால் பெட்டி வடிவத்தில் ஒரு வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி, முழங்கையை மடக்கிக்கொண்டால் இருவர் சாப்பிடக்கூடிய மேசை. மனைவி மஞ்சள் பூப் போட்ட துணியில் தானே திரைச்சீலை தைத்து மாட்டினார். நாற்பது நாள் பயணம் என்று முடிவாயிற்று.

அடுத்தது பட்டை. வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். ஒரு கண்ணை மூடினார். டயரை ஓர் உதை விட்டார்.

“ரெண்டு டன்.”

“எடை போட்டுப் பாத்தீங்களா?” என்றார் மனைவி.

“நான் பார்த்தாலே எடை போட்ட மாதிரிதாம்மா.”

கம்பெனி கொடுத்த பட்டைகள் பக்கத்துக்கு ஐந்து. இரும்பண்ணன் அவற்றை ஒரு தாய் மெலிந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பக்கத்துக்கு இன்னும் ஐந்து ஏற்றினார். வேலை முடிந்தபோது வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து, முன்பக்கம் குனிந்து, யாருக்கோ பணிவாக வணக்கம் சொல்லும் தோரணையில் நின்றது.

முதல் வெள்ளோட்டத்துக்கு மனைவி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தார். பட்டறை வாசலில் ஒரு சிறு மேடு. அதில் ஏறி இறங்கியபோது அவருடைய மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. தெருமுனைப் பள்ளத்தில் கண்ணாடிக்கூடு விழுந்தது. கடைத்தெருவில் இரண்டு வேகத்தடை. அவற்றைக் கடக்கும்போது பின்னாலிருந்து பாத்திரக்கடையில் மாடு புகுந்த சத்தம் கேட்டது.

“தாங்குது பாத்தியா? ஒரு இம்மி அசையல!” என்றார் இரும்பண்ணன்.

“வண்டி அசையல. நாமதான் அசையறோம்.”

திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். அலமாரி தானாகத் திறந்து தன்னிடம் இருந்ததையெல்லாம் தரையில் கொட்டியிருந்தது. மனைவி காதறுந்த கோப்பை ஒன்றை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தார். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் பின்பக்கத்து ஓட்டை வழியாகப் போகாமல், முன்பக்கம் குளமாகத் தேங்கி நின்றது.

“ஏங்க,” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் இரும்பண்ணனுக்குப் பயமாக இருந்தது. “ஆபீஸ் தோழிங்க எல்லாம் பஸ்ல சுற்றுலா போறாங்க. எனக்கும் ஒரு சீட்டு வச்சிருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க உங்க பெட்டியில போங்க, நான் பஸ்ல வரேன். வழியில எங்கயாவது பார்த்துக்கிட்டா கை காட்டிக்கலாம்.”

அன்று திங்கட்கிழமை.

மஞ்சள் பூத் திரைக்குப் பின்னால் தான் மட்டும் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்பதை இரும்பண்ணன் நினைத்துப் பார்த்தார். முப்பது வருடத்தில் எந்த லாரிக்காரனும் ஏற்றாத பாரம் நெஞ்சில் ஏறியது. என்ன செய்வது? தெரிந்த ஒரே மருந்தைத்தான் கொடுத்தார். பக்கத்துக்கு இன்னும் இரண்டு பட்டை.

புதன்கிழமை இரண்டாவது வெள்ளோட்டம் இருநூறு மீட்டரில் முடிந்தது. மனைவி கதவைத் திறந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு நடந்தே போனார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மைத்துனன். மனைவியின் தம்பி. பட்டைக்குத் துணையாக வைக்கிற காற்றுப் பைகளை விற்பது அவன் தொழில். ரப்பர் பையைப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பொருத்தி, தேவைக்கேற்பக் காற்றை ஏற்றி இறக்கினால் வண்டி சமமாக நிற்கும். காற்றை விற்றுப் பிழைப்பவன் என்று இரும்பண்ணன் அவனை அந்தத் தொழிலில் இறங்கிய நாளிலிருந்தே சந்தேகித்து வந்தார்.

அவன் குனிந்து அடியில் பார்த்தான். எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான்.

“மாமா, இது வண்டியா, பாலமா?”

“வாயை மூடு மாப்ளே.”

“பன்னெண்டு பட்டை! இது வளையணும்னா மேல யானை உக்காரணும். வளையலைன்னா பள்ளத்தோட அடியெல்லாம் நேரா அக்கா இடுப்புக்குத்தான் போகும். எடை என்ன?”

“ரெண்டு டன்.”

“யார் சொன்னா?”

“கண்ணு சொல்லுச்சு.”

வீட்டிலிருந்து மனைவி திரும்பி வந்தார். கையில் ஒரு நோட்டு. ஆவண அறையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர் சும்மா இருப்பாரா? கேம்பருக்குள் வைத்த ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். வெறும் பெட்டி அறுநூற்று இருபது கிலோ, விற்றவர் கொடுத்த தாளில் உள்ளபடி. தண்ணீர் எண்பது. அடுப்பு, படுக்கை, பாத்திரம், உடைந்த கோப்பைகள் கழித்து. தன் எடையை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். கணவர் எடைக்கு எதிரே ‘வயிறு உட்பட’ என்று ஒரு குறிப்பு.

“மொத்தம் எண்ணூத்து எழுபது,” என்றார்.

“தராசு தப்பு,” என்றார் இரும்பண்ணன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், தலையில் குல்லா மாட்டிக்கொண்டு, நகரின் மறுகோடியில் தன்னை யாருக்கும் தெரியாத எடைமேடை ஒன்றுக்கு வண்டியை ஓட்டிப் போனார். வெறும் வண்டியின் எடை பதிவுப் புத்தகத்தில் இருந்தது. ஏற்றிய பட்டைகளின் எடை அவர் விரல் நுனியில் இருந்தது. இரண்டையும் கழித்து, வீட்டில் இருந்த மனைவியின் எடையை நோட்டில் உள்ளபடி கூட்டினால் எண்ணூற்று எழுபத்தொன்பது. எடைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. ஒன்பது கிலோ எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். இருக்கைக்கடியில் அவருடைய ஸ்பேனர் பை இருந்தது. மனைவியின் கணக்கில் பிழை இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் வேலையாட்களைக் கூப்பிட்டு அன்றும் மறுநாளும் விடுமுறை என்று அறிவித்தார். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். விசேஷம் இல்லாததுதான் விசேஷம் என்றார். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“மாப்ளே, அந்தப் பையைக் கொண்டு வா. சத்தம் போடாம வா.”

இரண்டு பேரும் மதியம் வரை வேலை செய்தார்கள். பாரத்தை ஜாக்கியில் தாங்கி, கட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பக்கத்துக்கு ஆறு பட்டை வெளியே வந்தன.

“ஆக, இறக்கியாச்சு!” என்றான் மைத்துனன்.

“யார் இறக்குனா? ஓய்வுக்கு அனுப்பியிருக்கேன்.”

“நீங்க ஏத்தின ஏழாவதையும் அனுப்பலாமே மாமா? பை இருக்கும்போது அது எதுக்கு?”

“அது கௌரவத்துக்கு. அதுல கை வச்ச, கை இருக்காது.”

தளர்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பர்களை மாற்றினார்கள். வளைவில் பெட்டி பக்கவாட்டில் சாயாமலிருக்க அச்சுக்குக் குறுக்கே ஒரு கம்பி பூட்டினார்கள். கடைசியாகக் காற்றுப் பைகளைப் பொருத்தி, மைத்துனன் பம்பு அடிக்க, இரும்பண்ணன் உள்ளே போய் மேசைமேல் ஒரு முட்டையை வைத்துவிட்டு, “இன்னும் கொஞ்சம்... போதும்... அட, கொஞ்சம் இறக்குடா!” என்று உத்தரவிட்டார். முட்டை உருளாமல் நின்றது. தொட்டித் தண்ணீர் சமர்த்தாக ஓட்டையைத் தேடிப் போனது. இறங்கி வந்தவர் வண்டியைத் தள்ளி நின்று பார்த்தார். அது இப்போது யாரையும் வணங்கவில்லை.

சனிக்கிழமை காலை. மனைவி பழைய சேலையில் வந்தார். கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீ. அதை வேண்டுமென்றே அவ்வளவு ஊற்றியிருக்கிறார் என்று இரும்பண்ணனுக்குத் தெரியும். பரீட்சை என்றால் அப்படித்தான்.

வாசல் மேடு. டீ விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தெருமுனைப் பள்ளத்தில் மனைவி ஒரு வாய் குடித்தார். முதல் வேகத்தடையில் இரும்பண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி முழங்கால் மடித்து எழுந்தது. இரண்டாவதில் மனைவி சிரித்துவிட்டார். ஊரைத் தாண்டியதும் அவர் ஜன்னலை முழுவதும் இறக்கினார். காற்று உள்ளே வந்து சேலைத் தலைப்பைத் தூக்கிக் கணவரின் முகத்தில் போட்டது.

“ஏம்மா, ரோடு தெரியல!”

“தெரிஞ்ச வரைக்கும் ஓட்டுங்க!”

ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார். போனை எடுத்தார். “ஆமாக்கா, நான்தான்... இல்லக்கா, என் சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க... அவரா? அவருக்கு என்ன, எங்க வீட்டு டிரைவர், நல்லாத்தான் ஓட்டுறார்.”

அந்தப் பதவி உயர்வை இரும்பண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

திரும்பும் வழியில்தான் அது காதில் பட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் ஏதோ ஒரு மூடி ‘டிங்’ என்றது. ஒரே ஒரு டிங்.

“கேக்குதா?” என்றார்.

“என்னது? அதுவா? சின்னச் சத்தம்தானே. பரவாயில்ல, பழகிடும்.”

பழகிடும் என்ற சொல் அவரைத் தைத்தது. எதிரே சுவர் தெரிந்த ஜன்னலுக்கும் இவர் இப்படித்தான் பழகியிருப்பார்.

பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் மனைவி கேம்பருக்குள் ஏறித் துணிமணிகளை அடுக்கத் தொடங்கினார். மைத்துனன் வரவில்லை, வேலையாட்களும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. “ஏம்மா, கொஞ்சம் இறங்கி இந்த நாற்காலியில உக்காந்து அடுக்கேன்,” என்றார். மனைவி ஏன் என்று கேட்காமல் துணி மூட்டையோடு இறங்கி உட்கார்ந்தார். இரும்பண்ணன் ஜாக்கியை உருட்டி வந்தார். சாக்கை விரித்து அடியில் படுத்து, கால் மட்டும் வெளியே தெரிய வெகுநேரம் வேலை செய்தார். ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. கடைசியில் கனமான ஒரு தகடு சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு மறுபக்கத்திலிருந்து இன்னொன்று.

“அடியில என்னங்க பண்றீங்க?”

ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“பட்டை இறக்குறேன்மா.”

“சரி,” என்று சொல்லிவிட்டு மனைவி அவருடைய சட்டையை மடித்துத் தன் சேலைக்கு மேல் வைத்தார்.