அடுத்த வீட்டு நாயின் தாய்மொழி

ஒக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரருக்கு கேலிக் மொழிப் பைத்தியம். ஸ்கொட்லாந்துத் தீவொன்றில் அவருடைய முன்னோர் பேசிய மொழியாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இணைய வகுப்பில் சேர்ந்து அதைப் படித்தார். பேசிப் பழக ஆள் வேண்டுமே? ஒக்லாந்து முழுக்கத் தேடிக் களைத்து, கடைசியில் ஒரு நாய்க்குட்டி வாங்கினார். அதோடு கேலிக் மட்டும்தான். ஆங்கிலத்தில் கூப்பிட்டால் அது திரும்பியும் பார்க்காது.

எனக்கு அந்த நாய்மேல் பொறாமை. வீட்டு வாசலில் செருப்போடு ஆங்கிலத்தையும் கழற்றிவிட வேண்டும் என்பது என் சட்டம். என் மகள் செருப்பை மட்டும் கழற்றுவாள். பள்ளிக்கூடத்தில் படித்த மாவோரிப் பாட்டைக்கூட முழுசாகப் பாடுவாள். நான் தமிழில் தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் "ஓகே, அப்பா" என்று பதில் வரும். ஒரே ஒரு முழுத் தமிழ் வசனம் அவள் வாயால் கேட்டுவிட மாட்டேனா என்று ஏங்கிக் கிடந்தேன்.

போன கோடையில் அடுத்த வீட்டுக்காரர் இந்த நாட்டின் தெற்குத் தீவில் ஏதோ கேலிக் முகாமுக்குப் புறப்பட்டார். நாயை எங்களிடம் விட்டு, "ஒரு சொல்கூட ஆங்கிலம் வேண்டாம்" என்று கெஞ்சினார். வேலியோரம் நின்று கேலிக் கட்டளைகளைச் சொல்லித் தந்தார். நானும் பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டினேன். அவருடைய கார் தெரு முடக்கில் திரும்பியதும் எல்லாம் மறந்துபோனது.

நாய் உள்ளே வந்து என் சோபாவில் ஏறிப் படுத்தது. மகள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள், அதட்டினாள். அது கொட்டாவி விட்டது. அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"எத்தினை தரம் சொல்லுறது? இறங்கு கீழ! விசரோ உனக்கு? இஞ்ச வா, இதில இரு!"

அத்தனையும் என் வசனங்கள், என் இழுவையோடு. நாய் பதறி இறங்கி வந்து குந்தியது. என்னிடமிருந்து அவள் பொறுக்கியதெல்லாம் ஏச்சுத்தான் என்று வெட்கப்பட எனக்கு நேரமில்லை. குசினிக்குள் போய்ச் சந்தோசத்தில் அழுதேன்.

அவர் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கோடை முடியத்தான் வந்தார். அதுவரை மகளும் நாயும் ஒரே தமிழ். அவர் கேலிக்கில் உருகி உருகிக் கூப்பிட, நாய் என் மகளின் முகத்தைப் பார்த்தது. பாவம், மனுசன் வாடிப்போனார். பிறகு மகள்தான் அவருக்கு "இஞ்ச வா" சொல்லிக் கொடுத்தாள். இப்போது கேலிக்குக்கு நடுவே "விசரோ உனக்கு?" என்றும் அந்த வீட்டிலிருந்து கேட்கிறது.

மகள் பின்னேரங்களில் வேலிக்கு மேலால் நாயோடு தமிழில் அளப்பாள். என்னோடு பழையபடி "ஓகே, அப்பா". பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"நாயோட கதைக்கிறாய். என்னோட கதைச்சால் என்ன?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "உங்களுக்கு இங்கிலிஷ் விளங்கும்தானே, அப்பா. அதுக்கு விளங்காது."

அடுத்த நாள் காலை, "அப்பா, வேர் இஸ் மை பேக்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நான் சோபாவில் ஏறிப் படுத்துக் கொட்டாவி விட்டேன்.