ஒன்பதாவது வரி

தைவானின் சின்ச்சு நகரில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பெய்சுன் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரில் பாதி தூரம் வந்தபின், வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் போவார். சர்வர்கள் முரண்டு பிடிக்காமலிருக்க அவற்றின் மேல் பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அதன் காலாவதித் தேதியைத் திங்கள்தோறும் படிப்பவர் அவர்தான். நான் கேலி செய்வேன்.

வேலையும் அப்படி. மூவாயிரம் பேரின் பதிவேடு ஒரு சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு பெயரின் கீழும் தொலைபேசி எண், அறை எண். சமீபத்தில், கணினிகளுக்குள் நுழையக் கடவுச்சொல்லைப் போலப் பயன்படும் மின்சாவிக்கும் அதில் ஓர் இடம் சேர்த்தார் அக்கா. ஒருவர் பெயரின் கீழ் யாருடைய சாவி இருந்தாலும், சாவியின் சொந்தக்காரர் அந்த ஒருவரின் பெயரிலேயே எல்லா இயந்திரங்களுக்குள்ளும் நுழையலாம். அதனால் சர்வரின் விதிப்பட்டியலில் ஒன்பதாவது வரியாக ஒரு விதி எழுதினார்: சாவியை உரியவர் மட்டுமே மாற்றலாம்.

ஒரு புதன்கிழமை காலை, சோயாப் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“யூகாய், இங்க வாடா. ஆறாவது வரியப் படி.”

படித்தேன். தொடர்பு விவரங்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற பழைய விதி. சாவியையும் அக்கா தொடர்பு விவரங்களோடு சேர்த்துவிட்டிருந்தார். சர்வர் மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். ஒன்பதாவது வரியை அது எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

“பதினோரு நாளா கதவு தெறந்து கெடந்திருக்கு. எவனாவது உள்ள வந்திருந்தா என் வேலை போச்சுடா.”

“வரிய மேல ஏத்திட்டு கமுக்கமா இருங்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

வரியை மேலே ஏற்றினார். பிறகு அந்தப் பதினோரு நாளில் நடந்த சாவி மாற்றங்களின் பட்டியலைத் திறந்தார், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. மாற்றியவர் யார், யார் பெயரின் கீழ் மாற்றினார் என்று விரல் வைத்துப் படித்தார்.

ஒரே ஒரு இடத்தில் பெயர்கள் ஒத்துப்போகவில்லை. பதிவுக்குரியவர் டாக்டர் ஷென், சிப் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். மாற்றியவன் நான்.

போன வாரம் ஷென்னின் அறை எண்ணைத் திருத்தத் திறந்த பக்கத்திலேயே, என் புது மடிக்கணினியின் சாவியை ஒட்டித் தொலைத்திருக்கிறேன். என் பெயரில் உள்ளே போக முடியாமல் போனதும், பாக்கெட் பழசு என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கி வைத்த புத்திசாலியும் நானே.

“அக்கா, சத்தியமா தெரியாம ஒட்டிட்டேன்.”

ஆறு வருடமாக என்னோடு மதியச்சோறு சாப்பிட்டவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“கீபோர்டுலேருந்து கைய எடுங்க, யூகாய்.”

அந்த ‘ங்க’ என்னைக் குத்தியது. அவர் மேலாளருக்குப் போன் செய்தார்.

“லியாவ் சார், விதிய தப்பான எடத்துல வச்சது நான். ஷென் சார் பேர்ல யூகாயோட சாவி இருக்கு. தெரியாம பண்ணேன்னு சொல்றார்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை சார் என்று அக்கா சொல்வார் என்று காத்திருந்தேன்.

“எனக்குத் தெரியல சார்,” என்றார் அக்கா. “நீங்களே வந்து பாருங்க.”